நம் தரை, கீழ்வீட்டாரின் கூரை

மாலை ஆறரை மணி இருக்கும். அடுப்பில் ரசம். வரவேற்பறையில் என் ஏழு வயது மகளுக்குப் பரதநாட்டியப் பயிற்சி. சமையலறையிலிருந்தபடியே நான் “தையா தை” என்று சொற்கட்டுச் சொல்ல, அவள் தட்டடவு தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் கீழ்வீட்டு ஆன்ட்டி. எழுபதைத் தாண்டிய சீன மூதாட்டி. மின்தூக்கியில் பார்த்தால் சிரிப்போம், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு, தீபாவளிக்கு முறுக்கு. அவ்வளவுதான் பழக்கம். அன்று அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உன் பெண் நன்றாக ஆடுகிறாள் போலிருக்கிறது. என் கணவருக்குப் பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. இரவெல்லாம் தூங்குவதில்லை. இந்த நேரத்தில்தான் கொஞ்சம் கண் அசருகிறார்.”

சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வானொலியில் ‘நல்ல அண்டைவீட்டார்’ என்று ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். மேல்வீட்டில் கோலி உருளும் சத்தம் பற்றி ஒரு நேயர் புலம்ப, நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மேல்வீட்டுக்காரி நானாகவே இருப்பேன் என்று நினைக்கவில்லை.

இத்தனைக்கும் எனக்கே சத்தம் ஆகாது. காலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கு எழுகிறவள், பகல் இரண்டு மணிக்குப் படுத்தால்தான் உண்டு. என் மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கும்போதெல்லாம் மனத்துக்குள் அவர்களை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்!

அன்றிரவு வீட்டில் பஞ்சாயத்து. “இந்தத் தையா தையைக் கீழ்த்தளத்துல போய் வச்சுக்கக் கூடாதா?” என்றார் அம்மா. “வகுப்புல ஆடுறது போதாதா?” என்றார் கணவர். மகள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை பார்த்தால், நுனிக்காலில் சத்தமே வராமல் அடவு செய்துகொண்டிருந்தாள். “மெதுவா ஆடுனா தாத்தா தூங்குவாருல்லம்மா?”

ஆட்ட ஆசிரியையிடம் சொன்னேன். “காலை மெதுவாக வைத்தால் அது தட்டடவே இல்லை. இந்த வயதில் அப்படிப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்” என்றார். ஒரு பக்கம் நோயாளியின் தூக்கம், இன்னொரு பக்கம் குழந்தையின் கால். நடுவில் இருப்பது ஒரே ஒரு கான்கிரீட் தளம். என் தரை, அவர்கள் கூரை.

பாய் போட்டுப் பார்த்தேன், வழுக்கியது. பிள்ளைகள் விளையாடும் வண்ண நுரைவிரிப்பு வாங்கினேன். அது மெத்தென்று அமிழ்ந்து, மூன்றாம் நாளே மகளுக்குக் கணுக்கால் பிசகியது. தரை கெட்டியாகவும் இருக்க வேண்டும், கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அப்படி ஒரு தரை இருக்கிறதா?

சத்தத்தில் இரண்டு வகை

ஒலி என் தொழில். ஆனாலும் வீட்டுக்குள் அதை யோசித்ததில்லை. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் நுரைப் பட்டைகளைப் பார்ப்பவர்கள், வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க அவை ஒட்டப்பட்டிருப்பதாக நினைப்பார்கள். உண்மையில் அவை அறைக்குள் எதிரொலிக்காமல் இருப்பதற்குத்தான். வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும்.

வீட்டிலும் அப்படித்தான். பேச்சு, பாட்டு, தொலைக்காட்சிச் சத்தம் காற்றின் வழியாகப் போகிறது. தளத்தின் கான்கிரீட் அதைப் பெருமளவு தடுத்துவிடும். காலால் தட்டுவது, நாற்காலியை இழுப்பது, இடிகல்லில் இஞ்சி பூண்டு இடிப்பது, இவையெல்லாம் வேறு கதை. அவை தளத்தையே அதிர வைக்கின்றன. கீழ்வீட்டின் கூரை ஒரு பெரிய ஒலிபெருக்கியாக மாறிவிடுகிறது. அதை நிறுத்த வேண்டுமென்றால் அடி விழும் இடத்திலேயே, தளத்தைத் தொடும் முன்பே தடுக்க வேண்டும். காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஏதாவது அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை தேக்கா ஈரச்சந்தையில் மீனும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு, அப்படியே ஜாலான் புசார் பக்கம் நடந்தேன். வீடு புதுப்பித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சாலையில் குழாயிலிருந்து விளக்கு வரை எல்லாம் கிடைக்கும். தரைப் பொருள் விற்கும் ஒரு கடையில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் வேலை செய்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, பழுப்பு நிறத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்.

“நகத்தால அழுத்திப் பாருங்க அக்கா.” அழுத்தினேன். குழி விழுந்தது, மெல்ல எழும்பி மறைந்தது. “கார்க் அக்கா. நம்மூர்ல கார்க் பால்ல கிரிக்கெட் ஆடுவோமே, அதே சாமான்தான்.”

பட்டையில் பிறந்த தரை

கார்க் என்பதை நாம் தக்கை என்கிறோம். புட்டி மூடியாகவும் தூண்டில் மிதப்பாகவும் அதைத் தெரியும். கிரிக்கெட் பந்தின் நடுவிலும், பூப்பந்தின் தலையிலும் இருப்பது அதுதான். தமிழ்நாட்டுத் தெருக்களில் இரவில் வெள்ளைப் பூவை உதிர்க்கும் மரமல்லிக்கு ஆங்கிலத்தில் ‘இந்தியத் தக்கை மரம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் பட்டையை ஒரு காலத்தில் மட்டமான மாற்றுத் தக்கையாகப் பயன்படுத்தினார்கள். அசல் தக்கை, மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் வெளிப்பட்டை. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகல் நாட்டிலிருந்து வருகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மரத்தை வெட்டுவதில்லை. நட்டு ஏறத்தாழ 25 ஆண்டு கழித்து முதல்முறை பட்டையை உரிக்கிறார்கள். பிறகு குறைந்தது 9 ஆண்டு காத்திருக்கிறார்கள். எந்த ஆண்டு உரித்தார்கள் என்பது மறக்காமல் இருக்க, ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே பெயின்டால் எழுதிவைப்பார்கள். பட்டை மறுபடி வளர்கிறது. ஒரு மரம் 200 ஆண்டு வரைகூட வாழும். முதல் இரண்டு உரிப்பில் கிடைக்கும் பட்டை புட்டி மூடிக்கு ஆகாது. அதையும், மூடி வெட்டியபின் மிஞ்சுகிற துண்டுகளையும் அரைத்து, பசை சேர்த்து அழுத்தித்தான் தரைப் பலகை செய்கிறார்கள்.

1665ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் ஒரு தக்கைச் சீவலை வைத்துப் பார்த்தார். தேன்கூடுபோலச் சிறுசிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் வைத்த ‘செல்’ என்ற பெயரைத்தான் இன்று பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் ‘உயிரணு’ என்று படிக்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் சுமார் 4 கோடி அறைகள், அத்தனையிலும் காற்று. கால் விழுந்தால் அவை அமுங்கி, பிறகு எழும்புகின்றன. அதிர்வின் ஒரு பகுதி அங்கேயே அடங்கிவிடுகிறது.

என்ன லாபம்?

முதல் லாபம், நான் தேடிப் போன சத்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, மூட்டு. பீங்கான் ஓட்டில் நெடுநேரம் நின்றால் குதிகால் வலிக்கும் என்பது அம்மாக்களுக்கெல்லாம் தெரியும். கார்க் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் காலுக்கு இதம். கீழே விழுந்த கோப்பை தப்பிக்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் விழுந்தால் எலும்பு முறியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டைவிட மென்மை, மெத்தை அல்ல.

மூன்றாவது, சில்லிப்பு இல்லை. ஓடு காலின் சூட்டை உறிஞ்சும், கார்க் உறிஞ்சாது. குளிரூட்டி போட்ட அறையில் தரையில் உட்கார்ந்து சுலோகம் படிக்கும் என் அம்மாவுக்கு இது பெரிய விஷயம்.

நான்காவது, திண்மையான கார்க் பலகையாக இருந்தால், மேற்பூச்சு தேய்ந்தபின் தேய்த்து மறுபடி பூச்சு கொடுக்கலாம். தரையையே மாற்ற வேண்டியதில்லை.

விற்பவர் சொல்லாதவை

இப்போது மறுபக்கம். சிங்கப்பூர் வெயிலில் ஓட்டின் குளுமையே ஒரு வரம். மதியம் வெறுந்தரையில் தலையணையைப் போட்டுப் படுக்கும் சுகம் கார்க்கில் கிடைக்காது. செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்தவர்கள் காரணமில்லாமல் பதிக்கவில்லை. என் கணவர் இன்றும் வரவேற்பறை ஓட்டை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது.

கார்க்குக்கு நீர் ஆகாது என்பதைவிட, அதன் அடிப்பலகைக்கு ஆகாது என்பதே சரி. பூட்டுப்போல ஒன்றோடொன்று மாட்டும் பலகைகளில் பெரும்பாலும் நடுவே அழுத்திய மரத்தூள் பலகை இருக்கும். இடுக்கில் நீர் இறங்கினால் அது ஊதிவிடும். வாளி நீர் ஊற்றித் துடைக்கும் பழக்கத்தை விட வேண்டும், பிழிந்த துணி போதும். பணிப்பெண்ணிடமும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். பொருத்துவதற்கு முன் பலகைகளை இரண்டு மூன்று நாள் அந்த அறையிலேயே வைத்திருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அவை பழக வேண்டாமா?

கனமான மேசைக் கால் நிரந்தரக் குழி போடும், அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் நிறம் வெளுக்கும், திரை போடுங்கள். பூசை அறை வைத்திருப்பவர்கள் குத்துவிளக்கையும் கற்பூரத் தட்டையும் ஒரு கல் பலகை மேல் வையுங்கள். எண்ணெய் சொட்டினால் உடனே துடைத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் 1930களில் வடிவமைத்த ‘ஃபாலிங்வாட்டர்’ வீட்டில் குளியலறைக்கே கார்க் பதித்தார். நாம் அந்த ஆசையை வைத்துக்கொள்ள வேண்டாம். நம் குளியலறைத் தரைக்குக் கீழே நீர்க்கசிவுத் தடுப்பு இருக்கிறது. அதைச் சிதைத்தால் கீழ்வீட்டாருக்குச் சத்தத்தோடு தண்ணீரும் போகும். வீட்டில் மூத்தோர் இருந்தால், குளியலறைக்கு 2012ல் தொடங்கிய ‘ஈஸ்’ திட்டத்தைப் பாருங்கள். வழுக்காத தரைப்பூச்சு, கைப்பிடிகள் போன்றவற்றை வீவக சலுகை விலையில் செய்து தருகிறது.

வீவக வீடுகளுக்கு விதிகளும் உண்டு. தரையில் நாம் போடும் பொருள், அதன் கீழ் போடும் சிமெண்டுக் கலவை எல்லாம் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தளம் தாங்கும் எடைக்கு ஓர் அளவு இருக்கிறதே! ஓட்டைப் பெயர்ப்பதென்றால் அனுமதி வேண்டும். பெயர்க்கும் சத்தம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் ஓட்டைப் பெயர்க்காமல், அதன் மேலேயே போட்டோம். கீழே நோயாளி இருக்கும்போது ஓட்டை உடைத்து அமைதி தேடுவது நன்றாகவா இருக்கும்?

விலை? சாதாரண வினைல் பலகையைவிடக் கூடுதல். வீடு முழுக்கப் போடக் கட்டுப்படியாகவில்லை. மகளின் படுக்கையறைக்கு மட்டும் போட்டோம். பலகை 10 மில்லிமீட்டர் தடிமன். அறைக் கதவின் அடிப்பகுதி இடித்ததால் அதைச் சீவ வேண்டியிருந்தது. அந்தச் செலவை யாரும் முன்னால் சொல்லவில்லை.

கீழே போய்க் கேட்டேன்

பலகை வருவதற்கு முந்தைய நாள் ஆன்ட்டியின் வீட்டுக்குப் போனேன். “மேலே அவள் ஆடட்டும். நான் இங்கிருந்து கேட்கலாமா?” என்றேன். ஆன்ட்டி வியப்பாகப் பார்த்தார், பிறகு நாற்காலி போட்டார். உள்ளறையில் அங்கிள் சாய்ந்து படுத்திருந்தார்.

தொலைபேசியில் மகளிடம் “ஆரம்பி கண்ணு” என்றேன். ஐந்து ஆண்டாக அந்த வீட்டின் மேல் வாழ்கிறேன், என் வீடு கீழே எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. டக், டக், டக். சுத்தியலால் அடிப்பதுபோல. நடுவே அம்மா நாற்காலியை இழுத்தார், யானை பிளிறியது. எல்லாவற்றையும் ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்துக்கொண்டேன். மேலே வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “இவ்வளவா கேக்குது?” என்று வாயில் கை வைத்தார். அன்றே எல்லா நாற்காலிக் கால்களுக்கும் கம்பளித் துண்டு ஒட்டியவர் அவர்தான். செலவு சில வெள்ளி.

கார்க் போட்டபின் மறுபடி போனேன். கீழே விழுந்த கரண்டியின் ‘ணங்’ கேட்கவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் இல்லை. தட்டடவு? கேட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும். கூர்மையான ‘டக்’ போய், தூரத்தில் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல ‘தும், தும்’ என்று கேட்டது. மெல்லிய தரை உறை உச்ச ஒலிகளைத்தான் நன்றாக அடக்கும். குதிப்பது, ஓங்கி மிதிப்பது போன்ற தாழ்ந்த அதிர்வை ஓரளவுக்குத்தான் குறைக்கும். கடையில் கேட்கும்போது ‘சத்தம் வராது’ என்ற சொல்லை வாங்காதீர்கள். எத்தனை டெசிபெல் குறையும், எப்படிப்பட்ட தளத்தின் மேல் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

நான் சற்று ஏமாற்றத்தோடு “இன்னும் கேட்கிறதே” என்றேன். ஆன்ட்டி சிரித்தார். “எத்தனை மணிக்கு ஆடுவாள் என்று தெரிந்தால் போதும். அந்த நேரம் இவரைச் சக்கர நாற்காலியில் கீழே அழைத்துப் போகிறேன். இவருக்கும் காற்று வேண்டும்.”

அப்படித்தான் ஒரு கால அட்டவணை பிறந்தது. திங்கள், புதன், வெள்ளி, மாலை 5.30 முதல் 6 வரை. எங்கள் குளிர்பதனப் பெட்டியிலும் அவர்கள் குளிர்பதனப் பெட்டியிலும் ஒரே தாள் ஒட்டியிருக்கிறது.

2022ல் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேசித் தீராத சச்சரவுக்கு 1998 முதல் சமூக சமரச நிலையம் இருக்கிறது. இரண்டும் தேவைதான். ஆனால் அங்கிள் தூங்கும் நேரம் மாலை ஆறரை. அது எந்த விதியிலும் இல்லை. ஆன்ட்டி படியேறி வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே, கார்க் போடலாமா என்று கேட்டால் என் பதில்: படுக்கையறைக்கும் பிள்ளைகள் விளையாடும் அறைக்கும் தாராளமாகப் போடலாம். சமையலறையும் குளியலறையும் ஓட்டுக்கே இருக்கட்டும். காசு இல்லையென்றால் நாற்காலிக் கால்களிலிருந்து தொடங்குங்கள். எதைப் போடுவதற்கும் முன்னால் ஒருமுறை கீழே போய், உங்கள் வீட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் ஆடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. ஆன்ட்டி, கையில் ஒரு கிண்ணம் கஞ்சி.

“மூன்று நாளாகச் சத்தமே இல்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லையே?”